பங்குனியில் தனித்து நின்ற பச்சை வீடு

செல்போனில் ஜெகன் மாமாவின் பெயரைப் பார்த்ததும், "சொல்லுங்க, இன்னிக்கு எதை இடிக்கப் போறீங்க?" என்றேன். மறுமுனையில் அத்தை அழுதார். காலையில் நெஞ்சு வலி என்ற மாமா, ஆஸ்பத்திரி போவதற்குள் போய்விட்டார். என் கேள்வி அத்தை காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

அம்மாவின் தம்பியான அவரை உங்களில் பலர் ஆர்க்கிடெக்ட்டாக அறிவீர்கள். எனக்கு அவர் கட்டடக் கலைஞர் அல்ல, தப்பென்று பட்டால் கட்டியதையே கலைப்பவர். எங்கள் பனியன் கம்பெனி இரைச்சலிலிருந்து தப்பிக்க, உடுமலைக்குத் தெற்கே காட்டை ஒட்டிய நிலத்தில் அப்பா ஒரு வீடு கேட்டார். மாமா வரைபடம் எதுவும் எடுத்துவரவில்லை. எங்களை அங்கே கூட்டிப்போய், "அவங்கவங்களுக்குப் புடிச்ச எடத்துல சாயங்காலம் வரைக்கும் உக்காருங்க" என்றார். அம்மா உசிலை மர நிழலில் உட்கார்ந்தார். அங்கே சமையலறை வந்தது. செல்போனுக்கு சிக்னல் கிடைத்த பாறையில் அப்பா உட்கார்ந்தார், அதுதான் ஹால். நான் மரத்தில் ஏறிக்கொண்டேன். "உங்களுக்கு ரூம் இல்லீங்க சாமி, கூடுதான்" என்றார் மாமா. ஒரு மரமும் வெட்டாமல் சுவர்கள் வளைந்து வளைந்து எழுந்தன.

வெளிச்சுவரின் நிறத்தில்தான் சறுக்கினார். ஐப்பசி மழையில் இலை பறித்து எங்கள் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோனார். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையருக்குத் துணித்துண்டில் சாயமேற்றி ஒப்புதல் வாங்குவோமே, அதேபோல அந்த இலையின் நிறத்துக்கு ஷேடு பிடித்தார். வெயிலிலும் டியூப்லைட்டிலும் வைத்துப் பார்த்தார், இம்மி பிசகவில்லை. அதே நிறத்தில் பெயிண்ட் அடித்ததும் வீடு காட்டுக்குள் காணாமல் போனது. பங்குனியில் காடு இலை உதிர்த்துப் பழுப்பாகிவிட, வீடு மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

"மாமா, பையர் ஷேடை மாத்திட்டாருங்க" என்று காட்டைக் காட்டினேன்.

"சேம்பிளே தப்பு கண்ணு. மழைக்காலத்துக் காட்டை வெச்சு வருசம் முழுக்க அப்ரூவல் வாங்கிட்டேன்" என்று சிரித்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு அந்த நிலத்து மண்ணையே குழைத்துப் பூசிவிடலாம், எந்தக் காலத்துக்கும் பொருந்தும் என்றார். அப்பா கேட்கவில்லை.

"கிளிக்கூண்டு கட்டியிருக்கீங்களான்னு சொந்தக்காரங்க சிரிக்கறாங்க மாப்ள. இனி மண்ணைப் பூசுனா நொடிச்சுப் போயிட்டான்னும் பேசுவாங்க. வெள்ளையடிச்சுக்கலாம்."

"ஒருக்கா காட்டோரத்து ஓடைப்பக்கம் வந்து நின்னு வீட்டைப் பாருங்க மச்சான். அப்புறம் உங்க இஷ்டம்."

"எனக்கு வேல கெடக்குது."

அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சமாதானம் ஆகுமுன் மாமா போய்விட்டார்.

காரியம் முடிந்த வாரம் வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். நான் கேலி எதுவும் பேசாமல் அப்பாவின் கையைப் பிடித்து ஓடைக்கு இழுத்துப்போனேன். திரும்பிப் பார்த்தோம். சருகு, பாறை, மொட்டை மரங்கள். நடுவே அந்தப் பச்சை.

"வெள்ளையடிச்சாலும் இப்பிடித்தான் தெரியும், இல்ல?" என்றார் அப்பா.

"ஆமாங்கப்பா."

"அன்னிக்கே வந்து நின்னிருந்தா..." என்றபடி திரும்பி நடந்தார். ஆட்களிடம் போய்ப் பெயிண்ட்டைச் சுரண்டி மண் பூசச் சொன்னார்.

மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: தப்பு தன்னுடையது என்று தெரிந்த அன்றே அதைச் சொல்லிவிடும் வாய். அப்பாவுக்கும் இப்போது அதையே மாமாவிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்க ஆளில்லாமல், சுவர் சுரண்டும் சத்தத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.