ஆறு கிலோமீட்டருக்கு முன்பே இறங்குகிறவள்

உலகத்து மனிதர்களை அவள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள்: நடக்கத் தெரிந்தவர்கள், கால் இருந்தும் நடக்கத் தெரியாதவர்கள். முதல் வகையில் அவளையும் சேர்த்து ஊரில் நாலைந்து பேர் தேறுவார்கள். ஓடுகிறவர்களை அவள் எந்த வகையிலும் சேர்க்கவில்லை. "ரெண்டு காலையும் ஒண்ணா தூக்குறதுக்குப் பேரு விளையாட்டா? தவளைகூடத்தான் பண்ணுது" என்பாள்.

பல் செட் செய்யும் லேப் ஒன்றில் அவளுக்கு இருபத்தோரு வருட வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக் கல்லாக்கித் தருவது ஒருவர் வேலை. அந்தக் கல்லின் மேல் மெழுகு வைத்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் கடித்தால் கச்சிதமாகச் சேரும்படி ஒவ்வொரு பல்லாக அடுக்குவது இவள் வேலை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். பல் அடுக்குகிற அக்கா என்பது சுருங்கி, லேப்பில் எல்லோருக்கும் 'பல்லக்கா' ஆகிவிட்டாள். அதை யாராவது 'பல்லக்கு' என்று இழுத்தால் மட்டும் முகம் சுண்டிப்போகும். பல்லக்கு அடுத்தவன் தோளில் போவது. தான் சொந்தக் காலில் போகிறவள் என்பது அவள் எண்ணம்.

அவளுடைய விளையாட்டு நடைப் போட்டி. பள்ளிக்கூடத்தில் ஓட்டத்துக்கு ஆள் நிறைந்துவிட்டதால் அவளை நடைக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்டவர்களை அவள் மன்னிக்கவில்லை. நடையை விடவும் இல்லை. நாற்பத்திரண்டு வயதிலும் மூத்தோர் தடகளப் போட்டிகளில் ஐந்து கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தாள். விதி சுலபமானது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதன் மேல் நேராக வரும்வரை முழங்காலில் மடங்கக் கூடாது. தப்பினால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். மூன்று நடுவர்கள் எழுதிவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். இந்த விதிக்குள் வேகமாகப் போக வேண்டுமென்றால் இடுப்பை ஆட்டித்தான் ஆக வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது வாத்து நடை. சிரிப்பார்கள். சிரிக்கிற வாயில் எது சொந்தப் பல், எது கட்டிய பல் என்று பார்த்துக்கொண்டே அவள் கடந்து போவாள்.

லேப் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐந்து மணிக்கு மைதானம், ஆறேகாலுக்கு வீடு, ஒன்பதுக்கு லேப். அப்புறம் ஒருநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, லேப் நெடுஞ்சாலையோரம் புதுக் கட்டடத்துக்குப் போகிறது என்றார். நாற்பத்தாறு கிலோமீட்டர்.

"நல்ல காத்தோட்டமான இடம். உங்க எல்லாருடைய ஆரோக்கியத்தையும் நினைச்சுத்தான் இந்த முடிவு" என்றார்.

முதலாளி கையில் காலடி எண்ணும் கடிகாரம் உண்டு. சாயங்காலத்துக்குள் பத்தாயிரம் காட்ட வேண்டும் என்பதற்காக நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டிக்கொண்டிருப்பார். அந்த மனிதர் ஆரோக்கியம் பேசியதைக் கேட்டு அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபம் வர எதிராளிக்குக் கொஞ்சமாவது தகுதி வேண்டும்.

ஐந்து ஐம்பது பஸ்ஸைப் பிடித்தால் ஏழே முக்காலுக்கு லேப் வாசல். அதை விட்டால் ஒன்பதுக்குள் போய்ச் சேர வேறு பஸ் இல்லை. திரும்பி வீடு சேர ஏழரை. மைதானக் கதவை ஐந்து மணிக்கு முன்னால் திறக்க மாட்டேன் என்று காவலாளி சொல்லிவிட்டார். சாயங்காலம் போகலாம் என்று பார்த்தாள். காலணியை மாட்டக் குனிந்தவள் அப்படியே கட்டிலில் சாய்ந்து, ஒற்றைக் காலணியோடு தூங்கிப்போனாள். இரண்டு மாதத்தில் இடுப்பில் சதை போட்டது. படியேறினால் மூச்சு வாங்கியது.

அவள் கணவர் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். எதையும் இரண்டு தடவை சொல்வது அவர் பழக்கம். "விட்டுடேன். ஒரு வருஷம் விட்டுடேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"இந்த வயசுல எதுக்கு அண்ணி இதெல்லாம்? பஸ்ல போயிட்டு வர்றதே பெரிய எக்சர்சைஸ்தானே?"

"ஆமா. நீ சோபால உக்காந்து டிவி ரிமோட்டைத் தூக்குறது மாதிரி" என்றாள் பல்லக்கா. நாத்தனார் அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் அவளுக்குப் பொழுது போனது ஏளனத்தில்தான். ஏறிய பத்தாவது நிமிடம் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்குவார்கள். இருபத்தோரு வருடம் வாய்களோடு மாரடித்தவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. எல்லோரையும்விட அகலமாகப் பிளப்பவர், லேப்பில் பிளாஸ்டர் ஊற்றுகிறவர். ஐம்பத்தைந்து வயதுக்காரர். நாள் முழுக்கக் கொட்டாவி விடுவதால் பெயரே கொட்டாவி. அவருடைய மேல்வரிசைப் பல் செட்டை அடுக்கியவளே இவள்தான். தன் கைவேலை தினமும் காலையில் ஒரு மனிதனின் தூக்கத்தில் நழுவி நழுவித் தொங்குவதைப் பார்ப்பது அவளுக்குத் தனி எரிச்சல். அவர் பக்கத்தில் ஒருநாளும் உட்கார மாட்டாள். பார்த்தால் தலையாட்டவும் மாட்டாள்.

மூன்றாவது மாதம் வழி கண்டுபிடித்தாள். லேப்புக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால், லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு நிறுத்தம் இருந்தது. அங்கே ஏழரைக்கு இறங்கினால், நெடுஞ்சாலையை ஒட்டிய பக்கச் சாலையில் நடந்தே எட்டேகாலுக்குள் லேப் போய்விடலாம். ஒன்பது மணிக்குத்தான் வேலை. தோளில் பையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மாற்று உடை, துண்டு, லேப்பில் போடும் செருப்பு எல்லாம் சேர்ந்து நாலரைக் கிலோ. இடது தோளில் மாட்டி, இடது கையால் பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். பஸ் அவளைக் கடக்கும்போது தூங்காத சிலர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். "வாத்தும்மா இறங்கிட்டாங்க, ரைட் போலாம்" என்று கண்டக்டர் கத்துவான். அவள் திரும்பிப் பார்த்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து சிரிக்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நடக்க நேரம் ஏது?

லேப்பில் பிளாஸ்டர் அறைக் குழாயடியில் முகம் கழுவி உடை மாற்றுவாள். முதலாளி ஒருநாள் மூக்கைச் சுளித்தார்.

"டாக்டர்கள் வந்து போற இடம்மா இது. வேர்வை வாடை அடிச்சா நல்லாவா இருக்கு?"

"பாத்ரூம் கட்டித் தரேன்னு இங்க வந்தப்பவே சொன்னீங்க. அது வர்ற வரைக்கும் இந்த வாடையும் போகாது" என்றாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறு மாதம் இப்படியே போனது. சதை கரைந்தது, மூச்சு திரும்பியது. அந்த வருடப் போட்டிக்குப் போகும்போது அவளுக்கு இருந்த தெம்பைப் பார்த்துப் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளே பயந்தாள். "மத்தவங்களை அப்படி முறைக்காதம்மா. அவங்களும் நடக்கத்தான் வந்திருக்காங்க."

"வந்திருக்காங்க. நடக்கட்டும், பாப்போம்."

பன்னிரண்டரைச் சுற்றுப் போட்டி. எட்டாவது சுற்றில் அவள் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒன்பதாவது சுற்று வளைவில் தலைமை நடுவர் குறுக்கே வந்து, வெளியேறச் சொல்லும் சிவப்பு வட்டைத் தூக்கிக் காட்டினார். பின்னால் வருகிறவளுக்குத்தான் காட்டுகிறார் என்று நினைத்து இன்னும் இருபது அடி நடந்தாள். நடுவர் விசில் ஊதிக்கொண்டே கூட வந்தார். இருபத்தாறு வருட நடையில் ஒரு சிவப்பு அட்டைகூட வாங்காதவள் மைதானத்தை விட்டு வெளியே வந்தாள்.

ஓரத்தில் நின்ற நடுவர்களில் ஒருத்தி, இருபத்தைந்து வயது இருக்கும், தொப்பிக்குள் முடியைச் சொருகியிருந்தாள். பல்லக்கா நேரே அவளிடம் போனாள்.

"என்ன எழுதின?"

"இடது முழங்கால் மடங்குது, மேடம். மத்த ரெண்டு பேரும் அதையேதான் எழுதியிருக்காங்க."

"நீ பிறக்கிறதுக்கு முன்னாடியிலிருந்து நான் நடக்குறேன்."

"சரிங்க மேடம். ஆனா மடங்குது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணின் கண்ணையும் குடும்பத்தையும் படிப்பையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தாள். மகள் தன் போனை நீட்டினாள். பந்தயம் முழுவதையும் படம் பிடித்திருந்தாள். பல்லக்கா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள்.

இடது தோள் கீழே இறங்கியிருந்தது. பையே இல்லாத தோள், பை இருப்பது போலத் தொங்கியது. அந்தப் பக்க இடுப்பு இறுகி, ஒவ்வோர் அடியிலும் இடது முழங்கால் லேசாக மடங்கியது. ஆறு மாதமாக நாலரைக் கிலோவை ஒரே தோளில் சுமந்து, பிசகான நடையை உடம்புக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அடுத்தவர் வாயில் மயிரிழை கோணலைக் கண்டுபிடிக்கிறவள் சொந்த முழங்காலைப் பார்க்கவில்லை. அதுவரை முதலாளிக்கும் நாத்தனாருக்கும் பஸ் முழுக்க இருந்த வாய்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்த இளக்காரம் அத்தனையும் அன்று அவள் மேலேயே வந்து விழுந்தது. "முட்டாள், முட்டாள்" என்று அவள் முனகுவதைக் கேட்ட கணவர், தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக் கடைக்குப் போய்விட்டார்.

பை இல்லாமல் நடக்க வேண்டும். முதுகுப்பை வாங்கிப் பார்த்தாள். கை வீச்சு கெட்டது. உடைகளை லேப்பிலேயே வைக்கலாம் என்றால், ஆளுக்கொரு தட்டு என்றிருந்த அலமாரியை முதலாளி காலி அட்டைப்பெட்டிகளால் நிரப்பியிருந்தார். மிச்சமிருந்தது ஒரே வழி. அதே பஸ்ஸில் லேப் வாசல்வரை போகிறவர் ஒருவர் இருந்தார். கேட்க வேண்டும். அதற்கு மனசு வர இரண்டு வாரம் ஆனது.

ஒரு திங்கட்கிழமை எடைமேடை நிறுத்தம் நெருங்கும்போது கொட்டாவியின் தோளைத் தட்டினாள். அவர் திடுக்கிட்டு எழுந்து, முதல் காரியமாக வாயைக் கையால் மூடிப் பல்லைச் சரிசெய்தார்.

"இந்தப் பையை லேப்ல கொண்டுபோய் வைக்க முடியுமா?" என்றாள். கேட்ட தொனியில் கெஞ்சல் ஒரு சொட்டுகூட இல்லை. அபராதம் விதிப்பது போல இருந்தது.

"குடும்மா, குடு. எப்பவோ நானே கேக்கணும்னு இருந்தேன்." அவர் பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். "இதை மாட்டிட்டு ஒரு பக்கமா சாய்ஞ்சு சாய்ஞ்சு போறியே. பாக்கவே கஷ்டமா இருக்கும். பஸ்ல எல்லாரும் சொல்லுவோம், அந்தம்மாவுக்கு இடது கால்ல ஏதோ வலி போலன்னு."

"எல்லாரும்?"

"கண்டக்டர்கூடச் சொன்னான்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

கொட்டாவி தயங்கினார். "நீதான் யாருகிட்டயும் பேசவே மாட்டியேம்மா. முறைப்ப."

பஸ் நின்றது. அவள் இறங்கினாள். அன்று ஆறு கிலோமீட்டரும் தோள் காலியாக இருந்ததில் உடம்பு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் தடுமாறியது. ஆறு மாதம் ஏறிய பிசகு இறங்க ஐந்து மாதம் ஆனது. கண்ணாடி முன்னால் நின்று தோளை நேராக்கினாள். மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் நிறுத்திப் படம் பிடிக்கச் சொன்னாள். பை தினமும் அவள் மேஜைக்குக் கீழே வந்து சேர்ந்திருக்கும். நன்றி சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு மதியம் மட்டும் கொட்டாவியைக் கூப்பிட்டு, "அந்த மேல்செட்டைக் கழட்டுங்க" என்று வாங்கி, அடியில் புதுப் பூச்சு கொடுத்து, தூக்கத்தில் நழுவாதபடி இறுக்கிக் கொடுத்தாள். "தினமும் பாக்கச் சகிக்கலை" என்றாள். அவர் சந்தோஷமாகக் கொட்டாவி விட்டுச் சோதித்துப் பார்த்தார். பல் அசையவில்லை.

இதற்கிடையில் அவள் தினமும் எடைமேடையிலிருந்து நடந்து வருகிற விஷயம் முதலாளிக்கு எட்டியது. ஒருநாள் காலை எடைமேடையில் காரோடு வந்து நின்றார். புதுக் காலணி, புதுத் தொப்பி. கூடவே படமெடுக்க மருமகன்.

"நம்ம லேப் இங்க வந்ததாலதானேம்மா உனக்கு இப்படி ஒரு வாய்ப்பு. நானும் கூட நடக்குறேன்" என்றார்.

கூட நடக்க முடியவில்லை, ஓடினார். அடுத்த மின்கம்பம் வருவதற்குள் மார்பைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். ஒரு வாரத்தில் படம் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்கியது. வந்த டாக்டர் ஒருவர் அதைப் பாராட்டியபோது, பல்லக்கா கையிலிருந்த மெழுகை வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"ரெண்டு காலும் அந்தரத்துல இருக்கு, டாக்டர். இது செல்லாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வருடப் போட்டியில் அவள் நான்காவதாக வந்தாள். நேரம் முப்பது நிமிடம் பன்னிரண்டு வினாடி. அவளுடைய பழைய நேரத்தைவிட அரை நிமிடம் அதிகம். ஆனால் ஒரு சிவப்பு அட்டைகூட இல்லை. முதலில் வந்தவளைப் பற்றி அவளுக்குச் சில கருத்துகள் இருந்தன. மகளிடம் மட்டும் சொன்னாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, தொப்பிக்காரப் பெண் நின்ற இடத்துக்கு நடந்தாள். மகள் பதறிப்போய்ப் பின்னால் ஓடினாள்.

"போன வருஷம் நீ எழுதினது சரிதான்" என்றாள் பல்லக்கா.

அந்தப் பெண் விழித்தாள். "எனக்கு ஞாபகம் இல்லையே, மேடம். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரைப் பாக்குறோம்."

பல்லக்காவின் முகத்தைப் பார்த்து மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள்: "அம்மா, நீயா ஒருத்தரைப் பாராட்டின?"

"பாராட்டலை. சரின்னு சொன்னேன்" என்றாள் அவள். "அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு மறந்துபோச்சாம். என்ன நடுவரோ!"