பழைய மணி ஒன்பது

இத்தோ எங்கள் ஊர் டாக்ஸி நிலையத்துக்கு எதிரே ரொட்டி சுட்டு விற்கிறாள். மரம் வெட்டப் போன இடத்தில் கணவன் இறந்தபின், மகள் திஸிரியைப் படிக்க வைப்பதற்காகவே மலையிலிருந்து இறங்கி வந்தவள்.

2018 அக்டோபரில் அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்து, நோன்பு மாதம் தவிர அப்படியே விட்டுவிட்டது. பள்ளியும் அலுவலகமும் புது மணிக்கு மாறின. மலை மாறவில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் யார் நேரம் சொன்னாலும், "பழசா, புதுசா?" என்று கேட்டுக்கொள்வது வழக்கம்.

பள்ளிக் கதவு புது மணி எட்டுக்குச் சாத்தப்படும். டிசம்பரில் அப்போது சரியாக விடிந்திருக்காது. பதினாறு வயது திஸிரி பல நாள் வெளியே நின்றாள்.

"வாங்க மகாராணி, தலகாணியையும் கொண்டாந்திருக்கலாமே?" என்பார் மேற்பார்வையாளர்.

"படுத்துப் புரள்றா ஐயா. தூக்கம் வரமாட்டேங்குது," என்பாள் இத்தோ.

"ராத்திரியெல்லாம் போனை நோண்டினா எப்படி வரும்?"

"போன் எங்கிட்ட இருக்கு. மாவு மூட்டைக்குள்ள."

சுகாதார நிலையத்துச் செவிலி மட்டும் வேறு மாதிரி சொன்னாள். "இந்த வயசுல தூக்கம் லேட்டாத்தான் வரும், லேட்டாத்தான் கலையும். உடம்பு அப்படி. புள்ளயத் திட்டாதக்கா."

இப்படியே போனால் பெயரை நீக்கிவிடுவோம் என்று பள்ளி எச்சரித்தது. நீக்கினால் மெக்னெஸ் நகரத்தில் ஒரு தையல் பட்டறையில் சேர்த்துவிடலாம் என்று அங்கே இருக்கும் கணவனின் தம்பி சொல்லிவைத்திருந்தான். இத்தோ தலைமை ஆசிரியரிடம் போனாள். பள்ளியைப் புது மணி ஒன்பதுக்குத் தொடங்கக் கேட்டாள்.

"பெத்தவங்கள்ல பாதிப் பேர் நேர்ல வந்து கையத் தூக்கட்டும். மேல எழுதுறேன்," என்றார் அவர். ஞாயிறு ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்தார்.

நகரத்துப் பெற்றோர் கையைத் தூக்க மாட்டார்கள். அலுவலகம் போகுமுன் பிள்ளைகளை விட்டாக வேண்டுமே. இத்தோ மலையேறி, இந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் மூன்று ஊர்களில் வீடு வீடாகத் தேநீர் குடித்துச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம ஒம்பது மணி. மறந்துடாதீங்க." எந்த மணி என்று அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அவள் வளர்ந்த வீடுகளில் என்றைக்கும் ஒரே மணிதான்.

பெற்றோர் சங்கத்தின் செயலராக நானும் கூட்டத்தில் இருந்தேன். பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி.

"உங்க மலைக்காரங்க எங்க, இத்தோ?" என்றார் தலைமை ஆசிரியர்.

"வந்துடுவாங்க ஐயா. கொஞ்சம் பொறுங்க."

"வேணும்னா வந்திருப்பாங்க." பொறுத்துப் பார்த்துவிட்டு வாக்கெடுத்தார். இத்தோவோடு நாலைந்து கைகள் உயர்ந்தன. எட்டு மணியே தொடரும் என்று முடிவானது. அவர் காரில் ஏறிப் போனார்.

அந்தப் புழுதி அடங்குமுன் லாரி வந்தது. பின்னால் நெருக்கி நின்றவர்கள் எல்லாரும் பெருநாளுக்கு உடுத்தும் ஜெல்லாபா அங்கி உடுத்தியிருந்தார்கள். அவளுடைய மாமன் மோஹா முதலில் குதித்தார்.

"என்ன இத்தோ, ஒருத்தரயும் காணோம்! நாமதான் முதல்ல வந்துட்டமா?"

இத்தோ அவருடைய கைக்கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்பதுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"புது மணின்னு சொல்லலியா மாமா நான்?"

"நீ எப்பம்மா புது மணில பேசுன?"

மறுநாள் நான் தலைமை ஆசிரியரிடம் பேசினேன். முடிவு முடிவுதான் என்றார். ஜனவரியில் திஸிரியின் பெயர் நீக்கப்பட்டது.

"விடு யம்மா, போறேன். இனிமே யாரும் என்னச் சோம்பேறின்னு சொல்ல வேணாம்," என்றாள் அவள்.

பட்டறை வேன் மெக்னெஸில் சித்தப்பா வீட்டு வாசலுக்குப் புது மணி ஆறுக்கே வந்துவிடுகிறது. ஞாயிறு மட்டும் விடுமுறை. அன்று இத்தோ மாவு மூட்டையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். பேச ஆசைதான், அழைப்பதில்லை.

"போட்டுப் பேசேன்," என்றேன் ஒருமுறை.

"தூங்கிட்டு இருப்பா," என்றாள், அடுத்த ரொட்டியைத் தட்டியபடி.