கடலைப் பார்க்காத கடற்படைக்காரர்

வெர்லின் ஸ்டக்கி கடற்படையில் வேலைக்குச் சேர்ந்து, கடற்படைச் சம்பளம் வாங்கி, கடற்படையிலேயே ஓய்வும் பெற்றார். நடுவில் ஒரு நாள்கூடக் கடலைப் பார்த்ததில்லை. தெற்கு இண்டியானாவில் எங்கள் பக்கம் கடற்படைக்குச் சொந்தமான பெரிய காடு ஒன்று இருக்கிறது. அங்கே வெள்ளை ஓக் மரங்களைக் காப்பதுதான் அவருடைய உத்தியோகம். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் பல மாநிலங்கள் கிடக்கின்றன. கடற்படை இதை ஒரு குறையாக நினைக்கவில்லை. வெர்லினும் நினைக்கவில்லை. ஊர்தான் நினைத்தது.

அந்த மரங்கள் ஒரே ஒரு கப்பலுக்காக. பாஸ்டனில் நிற்கிற பழைய பாய்மரப் போர்க்கப்பல், ‘இரும்பு விலா’ என்று செல்லப் பெயர் வாங்கியது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் பிரிட்டிஷ்காரர்கள் சுட்ட குண்டு அதன் பக்கத்தில் பட்டுத் தெறித்ததாம். மாலுமிகள் மரத்தைப் பார்த்து இரும்பு என்று கூவினார்களாம். அப்படி ஜெயித்து வந்ததை அப்புறம் என்ன செய்தார்கள்? மழையில் நனைய விட்டார்கள். மக்கியதும் உடைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். நாடே கூச்சல் போட்டதும் பழுது பார்த்தார்கள். கொஞ்ச காலம் மேலே கூரை போட்டுக் கொட்டகை மாதிரி வைத்திருந்தார்கள். மறுபடி மக்கியது, பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் காசைக் கொட்டிக் காப்பாற்றினார்கள். இப்படி மக்குவதும் மாற்றுவதுமாக, எது பழைய கட்டை, எது புதுக் கட்டை என்று அந்தக் கப்பலுக்கே தெரியாமல் போய்விட்டது. பெயர் மட்டும் மக்கவில்லை.

காபிக் கடையில் வெர்லின் நுழைந்தால் போதும், டுவைட் ஆரம்பித்துவிடுவார். டுவைட் வெர்லினின் மனைவி நோர்மாவுக்கு அண்ணன், தீவனக் கடைக்காரர்.

“வாங்க அட்மிரல். இன்னைக்கு அலை எப்படி?”

“அலை இல்ல மச்சான். அணில்தான் ஜாஸ்தி.”

வீட்டில் நோர்மாவும் விடுவதில்லை. “மத்தவ புருஷனெல்லாம் சின்னப் பொண்ணுங்க பின்னாடி ஓடறான். நீ இருநூறு வயசுக் கிழவி பின்னாடி ஓடற. நான் யார்கிட்ட போய் அழ?”

வெர்லின் சிரித்துக்கொள்வார். ஆனால் உள்ளே ஒன்று இருந்தது. காட்டின் வடக்குச் சரிவில், விளக்குக் கம்பம் போல நேராக ஒரு ஓக் நின்றது. என்றைக்காவது அந்த மரம் கப்பலுக்குப் போகும். அங்கே போய் அதன்மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் டுவைட் என்ன பேசினாலும் பேசட்டும். வெர்லின் ஆயுசுக்கு ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

ஒரு மான் வேட்டைக் காலத்தில் டுவைட், காட்டில் இத்தனை மரம் இருக்க, அதே மரத்தில் அடிக்கு ஒன்றாக நீள நீள ஆணிகளை அறைந்து ஏணியாக்கி, மேலே துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். இரும்பு பட்ட ஓக் உள்ளுக்குள் நீலக் கறுப்பாகக் கறை பிடிக்கும். பலகை அறுக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

“இந்த மரந்தான் கிடைச்சுதா உனக்கு?”

“நேரா இருந்துச்சு மாப்ள. ஏற வசதி. நீயே சொல்லு, நல்ல மரமா இல்லையா?”

வெர்லின் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார். மரத்தின் காயம் சில வருஷத்தில் வெளியே தெரியாமல் மூடிக்கொண்டது. மனிதர்கள் மரத்தைவிட மோசம். அதற்கப்புறம் வருஷா வருஷம் குடும்பம் கூடுகிற நன்றி நாள் விருந்தில் இருவரும் மேஜையின் இரண்டு கோடியில் உட்கார்ந்து, வான்கோழிக் குழம்பை நகர்த்தச் சொல்லக்கூட நோர்மாவைத்தான் கூப்பிட்டார்கள். அட்மிரல் பட்டமும் அதோடு நின்றது. வெர்லினுக்கு அது குறையாகத்தான் பட்டது, ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் கப்பலைப் பழுது பார்க்க உலர்துறையில் ஏற்றி, காட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவர்கள் வடக்குச் சரிவு மரத்தைப் பார்த்ததும் வேறு மரத்தைத் தேடவில்லை. வெட்டி லாரியில் ஏற்றினார்கள். வெர்லினுக்குக் கண்ணில் புரை. அவ்வளவு தூரம் கார் ஓட்ட முடியாது. நோர்மா முடிவெடுத்தார்.

“டுவைட் ஓட்டுவான். நீங்க பேசிக்கவே வேண்டாம். அவன் ரோட்டைப் பாக்கட்டும், நீ ஜன்னலைப் பாரு.”

பாஸ்டனிலும் வெர்லினின் ராசி மாறவில்லை. தண்ணீரை இறைத்துவிட்ட தொட்டியில், தரையில் நிற்கிற மாதிரி நின்றது கப்பல். கடல் முதுகுக்குப் பின்னால் இருந்தது; அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கப்பல் தச்சுவேலை செய்யும் பெண் ஒருத்தி அவர்களைக் கீழே அழைத்துப் போனாள்.

“இண்டியானா மரமெல்லாம் மொத்தமா வந்துச்சுங்க. எது எந்த மரம்னு இப்ப சொல்ல முடியாது” என்றாள். “நல்லதை மேலே போட்டோம். பார்வைக்கு நல்லா இல்லாததை இங்க, தண்ணிக்குக் கீழே போட்டுட்டோம். செப்புத் தகடு மூடிரும். யார் கண்ணுக்கும் படாது.”

வெர்லினுக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை தூரம் வந்தது இதற்குத்தானா? சும்மா நிற்க மனமில்லாமல் கப்பலின் வயிற்றோரமாக நடந்தார். பாதி தூரத்தில் நின்றுவிட்டார். ஒரு பலகையில் நீலக் கறுப்பாகக் கறைகள், வரிசையாக, அடிக்கு ஒன்று. ஒரு ஆள் கால் வைத்து ஏறுகிற இடைவெளி.

பின்னால் வந்த டுவைட்டும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“என்னாலதான் மாப்ள இது கீழே வந்துருச்சு.”

ஆமாம் என்று சொல்லத்தான் வெர்லின் வாயெடுத்தார். அப்போதுதான் உறைத்தது. அந்த ஆணி இல்லையென்றால் பலகை மேலே ஊர் பார்க்க இருந்திருக்கும். தன் மரம் எது என்று அவருக்கே தெரியாமல் போயிருக்கும். கறையின்மேல் உள்ளங்கையை வைத்தார். கண் கலங்கியது. புரையின் மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் செப்புத் தகட்டைப் பலகைமேல் பொருத்தி, ஒரு ஆணியையும் சுத்தியலையும் வெர்லினிடம் நீட்டினாள். “காட்டுலேருந்து வந்திருக்கீங்க. முதல் ஆணி நீங்க அடிங்க.”

உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் மரத்தில் ஆணி அடிக்காதே என்று ஊரை விரட்டியவர், சுத்தியலை வாங்கினார். பிறகு டுவைட்டிடம் நீட்டினார்.

“நீ அடி மச்சான். உனக்குத்தான் பழக்கம்.”

“சரிங்க அட்மிரல்” என்றார் டுவைட். ஆணி கொஞ்சம் கோணலாகத்தான் இறங்கியது.