முகத்தை மடித்து அடித்த பேனர்

நேற்று மத்தியானம் எதிர் ஃப்ளாட்காரர் வந்து கதவைத் தட்டினார். முந்தின நாள் காற்றில் அவர் வீட்டு பால்கனிக் கதவின் கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டிருந்தது. டிவியிலோ காலையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே இன்னொரு தாழ்வு மண்டலம் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "டீச்சர், உங்ககிட்ட ப்ளைவுட் துண்டு ஏதாச்சும் இருக்குமா?" என்றார். தஞ்சாவூரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் குடியிருப்பவளிடம் ப்ளைவுட் எங்கே இருக்கும்? இல்லை என்றேன். "பரவால்ல, இத வச்சு அடைச்சுக்கறேன்" என்று கக்கத்திலிருந்த சுருளைக் காட்டினார். அவர் மகளின் காதுகுத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனர். பிரித்ததும் பெயிண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. நான் என்னை அறியாமல், "எழுத்து எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நீங்களும் அப்படிப் பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒன்று, கணக்கு டீச்சர் என்று பெயரே தவிர எனக்கு எதையும் வரிசையாகச் சொல்ல வராது. நான் முன்பு வேலை பார்த்த ஊரில் அந்தப் புயல் வந்தது வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்று அந்த ஊர் முத்து அண்ணனுக்கும் எனக்கும் இன்றுவரை தகராறு தீரவில்லை. பேனர் நீலமா பச்சையா என்பதும் தீரவில்லை. மடித்தது என் கைதான், ஆனாலும் நிறம் நினைவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை. செல்வி அக்கா வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். அக்காவுக்கு முப்பத்தைந்து இருக்கும். குழந்தை இல்லை. வீட்டுக்காரர் பாஸ்கர் அண்ணன் துபாயில் ஏசி மெக்கானிக். அவர் ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தினமும் சாயங்காலம் போன் வரும். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார், சாட்சிக்கு. "அறுவடைக்கு வந்துர்றேன் செல்வி" என்பார் அண்ணன். "எந்த அறுவடைன்னு கேளுங்க டீச்சர். குறுவையும் போச்சு, தாளடியும் போச்சு" என்பார் அக்கா. நான் நடுவில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன். அது சண்டையா கொஞ்சலா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. ஒன்று மட்டும் தெரியும். போனை வைத்த பிறகு அக்கா அன்றைக்குச் சாப்பிடமாட்டார்.

புயல் விடிவதற்குள் கடந்து போய்விட்டது. வெளிச்சம் வந்ததும் பார்த்தால் வாசல் தென்னை வீட்டின் முகப்பில் சாய்ந்து கிடந்தது. இரட்டைக் கதவில் ஒன்று பிளந்துவிட்டது. முன்பக்கச் சன்னல் இரண்டிலும் கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை. கூடம் முழுக்கத் தென்னை மட்டையும் ஓட்டுச்சில்லும் யார் வீட்டுத் துணியோ ஒன்றும். அலமாரிக்கு அடியில் ஒரு குருவி உயிரோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரண்ட் கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. செல்போன் கோபுரமும் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் மறுபடி மழை என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். நானும் அக்காவும் ஈரத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் அக்கா விளக்குமாற்றை எடுத்துத் தெருவைக் கூட்ட ஆரம்பித்தார். வீட்டுக்குள் அவ்வளவு குப்பை கிடக்க, தெருவை.

முத்து அண்ணன் பக்கத்து வீட்டுக்காரர். டிராக்டர் ஓட்டுபவர். அன்றைக்குத் தெருவில் சுத்தியலும் ஆணியும் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். அதனால் காலை எட்டு மணிக்கெல்லாம் அவருக்கு மந்திரி மாதிரி மரியாதை. எங்கள் வீட்டுக்கு வந்தபோது பதினொன்று இருக்கும். பிளந்த கதவுக்குப் பதிலாக என் கட்டில் பலகையை வைத்து அடித்துவிடலாம் என்றேன். அவர் நிலைவாசலைத் தொட்டுப் பார்த்தார். "பூச போட்டு வச்ச நெல டீச்சர். இதுல ஆணி எறக்கக் கூடாது" என்றார். கதவே போய்விட்டது, நிலைக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுத்தியலோடு போயிருப்பார். பலகையைக் குறுக்கே நிறுத்தி, இருந்த கதவோடு சேர்த்து மாட்டுக்கயிற்றால் கட்டினோம். உள்ளே போக வேண்டுமென்றால் கொல்லைப்புறமாகத்தான் போகவேண்டும். ஒரு சன்னலுக்கு நான் டியூஷன் எடுக்கும் கரும்பலகை சரியாகப் பொருந்தியது. முந்தின நாள் போட்ட கணக்கு அதில் அப்படியே இருந்தது.

இன்னொரு சன்னலுக்குத்தான் பேனர். அடுத்த தெருவில் ஒரு பெரியவர் முந்தின மாதம் இறந்திருந்தார். அவருக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர் பறந்து வந்து எங்கள் கொல்லையில் கிடந்தது. முத்து அண்ணன் போய்க் கேட்டுவிட்டே வந்தார். "எடுத்துக்கங்க, எங்க வீட்டுக் கூரையே எங்க இருக்குன்னு தெரியல" என்றார்களாம். விரித்துப் பிடித்தால் பேனர் சன்னலைவிட உயரம். ஏதாவது ஒரு பக்கம் மடித்தாகவேண்டும். மேலே கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து, கீழே பெரியவரின் முகமும் பெயரும். சன்னலின் நடுக்கட்டையில் ஆணி அடிக்காவிட்டால் காற்று பிய்த்துவிடும். அடித்தால் சரியாக அவர் மூக்கில் இறங்கும்.

"மூஞ்சில ஆணி அடிக்கச் சொல்றீங்களா? நான் மாட்டேன்" என்றார் முத்து அண்ணன்.

உள்பக்கம் திருப்பி அடியுங்கள் என்றேன். அதற்கு அக்கா விடவில்லை. "உள்ள சாமி படம் இருக்கு. அதுக்கு நேரா கண்ணீர் அஞ்சலியா? வெளியவே இருக்கட்டும்" என்றார். அப்போதுதான் நான் என் மூளையை உபயோகித்தேன். முகம் இருக்கும் பாதியை உள்ளே மடித்துவிட்டால் போயிற்று, எழுத்து மட்டும் வெளியே தெரியட்டும் என்றேன். மூன்று பேருக்கும் அது மிக நியாயமாகப் பட்டது. மடித்துப் பிடித்தேன், அவர் அடித்தார். கொஞ்ச நேரத்தில் மழை வந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உண்மையில் அது உறுத்தலாகவே தெரியவில்லை. தெருவில் எல்லா வீடும் அப்படித்தான் நின்றது. ஒரு வீட்டில் மணமக்களை வாழ்த்துகிறோம், அடுத்ததில் பூப்புனித நீராட்டு விழா, அதற்கடுத்த வீட்டில் யாரோ ஒரு தலைவரின் கையும் பாதிக் காதும். எல்லோரும் படித்துப் படித்து, பிறகு படிப்பதை விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வெளியூர்ப் பையன்கள் ஒரு வேனில் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டு முன்னால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார்கள். நான் கொல்லைப்புறத்திலிருந்து சுற்றி வந்தேன். ஒருவன் என் முகத்தைப் பார்க்காமல் பையை நீட்டினான். மற்ற வீடுகளைவிட ஒரு பாக்கெட் ரொட்டி கூடுதல். என்ன மரியாதையான பிள்ளைகள் என்று அக்காவிடம் சொன்னேன். அவர்கள் போட்டோ எடுத்ததையும் பார்த்தேன். எல்லோரும்தான் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் புது ஆற்றுப் பாலத்தில் சிக்னல் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு முத்து அண்ணனின் பைக்கில் போனேன். அக்கா பாஸ்கர் அண்ணனின் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். பாலத்தில் ஊரே நின்று கத்திப் பேசிக்கொண்டிருந்தது. என் போனுக்கு உயிர் வந்ததும் முதலில் என் தங்கையின் குரல். "அக்கா, நீயா பேசுற? உங்க வீட்டு போட்டோ எல்லா குரூப்லயும் சுத்துது. ரெண்டு பேர்ல யாருன்னு தெரியாம அம்மா சாப்பிடவே இல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகுதான் எங்கள் சன்னலில் தெரிந்த கண்ணீர் அஞ்சலி எனக்கு ஞாபகம் வந்தது. பாஸ்கர் அண்ணனின் நம்பரைப் போட்டேன். அவர் எடுக்கவில்லை. கூடத் தங்கியிருந்தவர் எடுத்தார்.

"அவரு கெளம்பிட்டாருங்க. பாஸ்போர்ட்ட கம்பெனில சண்ட போட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. இனிமே வராதேன்னு சொல்லிட்டாங்க. நீங்க ஊர்க்காரங்களா? அவரு வர்ற வரைக்கும் எடுத்துர வேணாம்னு சொல்லச் சொன்னாரு. மொகத்தப் பாக்கணுமாம்."

அக்கா உயிரோடு இருக்கிறார் என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா இல்லையா, தெரியாது. லைன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எப்படிச் சொன்னேன் என்பதும் சரியாக நினைவில்லை. முன்னுக்குப் பின்னாகத்தான் சொல்லியிருப்பேன். அக்கா அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். முதலில் சிரித்தார். "நெசமா வர்றாரா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் முகம் மாறியது. "டீச்சர், நான் உசுரோட இருக்கறதப் பாத்தா திட்டுவாருல்ல? வேலைய விட்டுட்டுல்ல வர்றாரு" என்றார். செத்திருந்தால் திட்டமாட்டார் என்பதுபோல இருந்தது அது. அன்று சாயங்காலம் முழுக்க அக்கா தலைக்குக் குளிப்பதும், குளித்த பிறகு எதற்குக் குளித்தோம் என்று உட்கார்ந்திருப்பதுமாக இருந்தார். பேனரைக் கழற்றலாமா என்றேன். மழை பெய்துகொண்டிருந்தது. கழற்றினால் எதை வைத்து அடைப்பது?

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வந்தார். திருச்சியில் இறங்கி, வழியெல்லாம் மரம் கிடந்ததால் கரண்ட் கம்பம் ஏற்றிய லாரியில் பாதி, நடை பாதி. கையில் பெட்டி இல்லை. தஞ்சாவூரில் வாங்கிய ரோஜா மாலை ஒன்று, வாழையிலையில் சுற்றி. அக்கா வாசலில் நனைந்த நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய புடவை எல்லாம் ஈரமாகிவிட்டதால் என்னுடைய நைட்டியில் இருந்தார், அது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அண்ணன் தெருவிலேயே நின்றுவிட்டார். அக்காவைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப யாரு?" என்றார்.

முத்து அண்ணன்தான் ஓடிவந்து கீழ் ஆணிகளைப் பிடுங்கி மடிப்பை விரித்துக் காட்டினார். பெரியவர் நெற்றி நிறையத் திருநீறோடு சிரித்துக்கொண்டிருந்தார். "இவரா? இவரு போனத நீதான போன மாசம் போன்ல சொன்ன" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே பாஸ்கர் அண்ணன் ஈர மணலில் உட்கார்ந்தார். அப்புறம் வாய்விட்டு அழுதார். ஒரு ஆண் அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மால எதுக்குங்க வாங்குனீங்க" என்று கேட்டார். அந்த மாலையை என்ன செய்வதென்று தெருவே நின்று யோசித்தது. பிணத்துக்கு வாங்கியதைச் சாமிக்குப் போட முடியாது. உயிரோடு இருப்பவருக்கும் போட முடியாது. கடைசியில் முத்து அண்ணன் கொண்டுபோய் வாய்க்காலில் விட்டார்.

கோபம் சாயங்காலம் வந்தது. யார் மடித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். சன்னலை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "கணக்கு டீச்சரு" என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு வேலை போய்விட்டது. அதற்கு நான் காரணம். அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கும் நான்தான் காரணம். எதற்கு வருத்தப்படுவது, எதற்குச் சந்தோஷப்படுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இரண்டரை வருஷம் ஊரில் லோடு ஆட்டோ ஓட்டினார். ஒரு நாள் அக்கா தலை நிறையப் பூவோடு என்னைக் கூப்பிட்டுக் கேசரி கொடுப்பார். அடுத்த நாள், "அங்கயே இருந்திருக்கலாம் டீச்சர். போன்ல பேசுறப்ப நல்ல மனுசனா இருந்தாரு" என்பார். கடைசியில் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்து அவர் மறுபடி போனார். பஸ் ஏற்றிவிட்டு வரும்போது அக்கா சொன்னார்: "நிம்மதியாவும் இருக்கு, அழுகையாவும் வருது. ரெண்டும் எப்புடி டீச்சர் ஒண்ணா வரும்?" அதற்குப் பிறகு எனக்குத் தஞ்சாவூரில் நிரந்தர வேலை வந்தது. ஊரில் அந்தத் தெருவே மாறிவிட்டது. சன்னலெல்லாம் அலுமினியம். அந்தப் பெரியவரின் வீடு இருந்த இடத்தில் இப்போது செங்கல் சூளைக்காரர் ஒருவர் மாடி கட்டியிருக்கிறார்.

போன வருஷம் செல்வி அக்காவுக்குக் காய்ச்சல் என்று தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தார்கள். நாலு நாள்தான். நாலாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் முத்து அண்ணன் தன் போனை என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லிருங்க டீச்சர். எனக்கு வாய் வரல." நம்பரைப் போட்டேன். பாஸ்கர் அண்ணன் உடனே எடுத்தார். பின்னால் ஏதோ மிஷின் ஓடும் சத்தம்.

"அண்ணே, நான் டீச்சர் பேசுறேன். அக்கா போயிட்டாங்கண்ணே."

அவர் சிரித்தார். நிஜமான சிரிப்பு, வயிற்றிலிருந்து வருவது. "டீச்சர், இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேன். போன அவகிட்ட குடுங்க" என்றார். பக்கத்தில் இருந்த யாரிடமோ, "எங்க ஊரு டீச்சருடா" என்று சொல்லி மறுபடி சிரித்தார்.

நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, அவர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்கப்புறம் அவர் சிரித்து நான் கேட்டதில்லை.