பக்கத்து வீட்டுக்குப் போட்ட தபால்

போன ஞாயிற்றுக்கிழமை ஹரிணி கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு கையில் முறுக்கும் ஒரு கையில் போனுமாக, வாக்காளர் பட்டியலில் தன் பேரைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மாநகராட்சித் தேர்தல் வந்தால் அவளும் ஓட்டுப் போடலாம். எனக்கு அவளைவிடப் பரபரப்பு. சமையல்கட்டுக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"அப்பா, வீட்டுல ஏற்கெனவே ஓட்டு இருக்கறவங்க நம்பர் கேக்குது. உன் கார்ட எடு."

பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் உறையை உருவினேன். கார்டோடு சேர்ந்து, நீல நிறம் வெளுத்துப்போன ஒரு இன்லண்ட் லெட்டரும் கீழே விழுந்தது. கார்த்திதான் எடுத்தான்.

"அக்கா, காமெடியப் பாரு. அப்பா அம்மாவுக்கு லெட்டர் போட்டிருக்காரு. ஃப்ரம் அட்ரஸும் டு அட்ரஸும் ஒண்ணு!"

நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் முறுக்கு புரை ஏறியது. உங்கள் அம்மா வந்து கடிதத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை, மங்கலான பழுப்பில். கட்டிங் ஆயில் கறை அது. லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு ஏறாமல் இருக்க, தண்ணீரில் கலந்து பால்போல வெளுத்த எண்ணெய் ஒன்றை ஊற்றிக்கொண்டே இருப்போமே, அதுதான். அதன் வாடை சோப்புக்குப் போகாது. சோற்றில் வரும், தலையணையில் வரும், கடிதத்திலும் வரும். இத்தனை வருஷம் கழித்து அந்தத் தாளில் வாடை இருக்க நியாயம் இல்லை. ஆனால் எனக்கு அடித்தது.

சிரித்தீர்கள், சரி. கதையைக் கேளுங்கள்.

ஐடிஐ முடித்துச் சாத்தூரிலிருந்து நான் ஓசூருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகி ஒரு வருஷம். மூக்கண்டப்பள்ளிப் பக்கம், ராகி விளைந்த நிலத்தில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய பத்து லைன் வீட்டில் எங்களுடையது நான்காவது. அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ஊர்தான் பேர். தேனி, திட்டக்குடி, முசிறி என்று கூப்பிட்டுக்கொள்வோம். நான் சாத்தூர். எனக்கு அடுத்த வீட்டில் இருந்தவர் கல்லாவி அண்ணன். இதே மாவட்டத்து ஆள்தான், ஊத்தங்கரைப் பக்கம். ஆனாலும் அவரையும் வெளியூர் என்றே வைத்திருந்தார்கள். அதில் அவருக்கு மகா கோபம்.

லைனில் குழாய் கிடையாது. மெயின் ரோடு வரை வந்த பைப், எங்கள் லைனுக்கு நாற்பதடி முன்னால் திரும்பிப் போய்விட்டது. சர்வீஸ் ரோட்டைத் தாண்டிப் போய்க் குடத்தில் கொண்டுவர வேண்டும். லாரிகள் சீறிக்கொண்டு போகிற ரோடு. உங்கள் அம்மா வயிற்றில் ஹரிணியையும் இடுப்பில் குடத்தையும் வைத்துக்கொண்டு அந்த ரோட்டைத் தாண்டுவதை, பி ஷிப்டுக்குப் போகிற ஒரு மத்தியானம் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்தேன். கூப்பிட்டால் திடுக்கிட்டுவிடுவாள் என்று கூப்பிடவில்லை. அன்றைக்கு மிஷினில் இரண்டு பீஸ் வீணாகப் போனது. சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டு காதில் ஏறவில்லை.

பைப் ஏன் திரும்பியது என்று ஊராட்சி ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த ஒருவர் மறைக்காமல் சொன்னார்.

"அது ஓட்டு இல்லாத லைன் தம்பி."

அவ்வளவுதான் விஷயம். ஊராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு இருந்தது. எங்கள் லைனில் பெரியவர்கள் மட்டும் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு ஓட்டும் இருபது ஊர்களில் கிடந்தது. வாக்காளர் கணக்கெடுக்க வருகிற வாத்தியார் காலையில் வந்தால் ஏ ஷிப்ட்காரன் வேலையில் இருப்பான், சி ஷிப்ட்காரன் செத்தவன்போலத் தூங்குவான். வாசலில் நிற்கிற ஓனரம்மா, "எல்லாம் வெளியூரு சார், அவுங்கவுங்க ஊர்ல ஓட்டு இருக்குது" என்று அனுப்பிவிடுவார்.

ஓனரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னடம் பேசுகிற குடும்பம். நாற்பத்தைந்து வயது இருக்கும், கணவர் இல்லை. நாலு எருமை, பத்து வீடு, இரண்டையும் ஒற்றை ஆளாகச் சமாளித்தார். பால் கறந்துகொண்டே மூன்று பாஷையில் திட்டுவார். கெட்ட மனசு கிடையாது. உங்கள் அம்மாவுக்கு வாந்தி நிற்காத நாட்களில் ராகிக் கூழ் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். ஆனால் எழுதிக் கொடு என்றால் மட்டும் முகம் மாறிவிடும்.

பட்டியலில் பேர் சேர்க்கிற வாக்காளர் முகாமில் இருப்பிடச் சான்று கேட்டபோது அவரிடம் போய் நின்றேன்.

"இந்த வீட்டுல இருக்கேன்னு ரெண்டு வரி போதும்க்கா."

"எழுத்துல ஒண்ணும் கேக்காதே சாத்தூர். இன்னிக்கு ரெண்டு வரி எழுதுனா நாளைக்கு வீடே உன்னுதும்பே. என் கொழுந்தன் எல்லாம் சொல்லிருக்கான்."

கொழுந்தன் முனிராஜு. உள்ளூர் அரசியலில் அலைகிறவர். வெள்ளைச் சட்டை, எப்போதும் ஒரு டைரி. லைன்காரர்கள் பட்டியலில் ஏறிவிட்டால் தன் ஆட்கள் போட்டு வைத்த கணக்கு கலைந்துவிடும் என்ற பயம் அவருக்கு.

வெறுங்கையோடு முகாமுக்குத் திரும்பினேன். அங்கே இருந்த வாத்தியார் நல்லவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இந்த விலாசத்துக்கு உங்க பேருல தபால் ஏதாச்சும் வந்திருக்கா? போஸ்டாபீஸ் முத்திரையோட இருந்தா அதையும் ஏத்துக்கலாம்" என்றார்.

எங்கே வரும்? ஊரில் இருந்தெல்லாம் எஸ்டிடி பூத்துக்குப் பேசுவார்கள், அல்லது கம்பெனி விலாசத்துக்குப் போடுவார்கள். அன்று சாயந்திரம் கல்லாவி அண்ணனிடம் சொன்னேன். அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். சி ஷிப்ட்காரருக்குச் சாயந்திரம்தான் காலை.

"தபாலு வரணும், அவ்ளோதானப்பா? யாரு போடணும்னு சொன்னாங்களா?"

"இல்லண்ணே."

"அப்ப நான் உனக்குப் போடுறேன், நீ எனக்குப் போடு. என்னாத்துக்கு சாத்தூர் வரைக்கும் போய்க்கினு?"

வாயில் நுரையோடு அவர் சொன்னதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. இதுவல்லவா மூளை! மறுநாளே போஸ்டாபீசில் போய் இன்லண்ட் லெட்டர் மொத்தமாக வாங்கினோம். லைனில் கதவு எண் இல்லையே என்று யோசித்து, சாக்பீஸால் ஒன்றிலிருந்து பத்து வரை எழுதினோம். மழை வந்து அழித்தபோது மறுபடியும் எழுதினோம்.

அந்த நான்கைந்து வாரம் மாதிரி ஒரு திருவிழாவை நான் பார்த்ததில்லை. ஒரு செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவன் எழுதுவான். கடிதம் டவுனுக்குப் போய், முத்திரை வாங்கி, மூன்று நாள் சுற்றி, சுவருக்கு அந்தப் பக்கம் வந்து சேரும். முதலில் எல்லாரும் 'நலம், நலமறிய அவா' என்று மட்டும்தான் எழுதினோம். அப்புறம் இடம் நிறைய மிச்சம் இருக்கிறதே என்று தோன்றிவிட்டது. நேரில் சொல்ல முடியாததெல்லாம் வர ஆரம்பித்தது.

எனக்கு வந்த முதல் கடிதம் இது: 'அன்புள்ள சாத்தூர் தம்பிக்கு, கல்லாவி எழுதிக்கொள்வது. நலம். காலையில் பாத்ரூமில் பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்காதே. சி ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கும் வயிறு இருக்கிறது.'

நான் பதில் எழுதினேன்: 'அன்புள்ள அண்ணனுக்கு, கடிதம் கிடைத்தது. நீங்கள் ரேடியோவைக் குறைத்தால் நான் பாத்ரூமைக் குறைக்கிறேன்.'

நேரில் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல் டீ குடிப்போம். ஆனால் ரேடியோ குறைந்தது.

தபால் எல்லாம் ஓனரம்மா கையில்தான் வரும். போஸ்ட்மேன் வாசலிலேயே கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிவிடுவார். ஓனரம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பேரைப் போஸ்ட்மேன் வாசிக்க, வரிசையாகக் காதில் வாங்கி, எருமைக் கொட்டகைச் சுவரில் செருகி வைத்து, ஷிப்ட் முடிந்து வரும்போது ஆள் மாறாமல் கொடுப்பார். ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார்.

"ஏனப்பா, இது கல்லாவி குடுத்த தபாலாமே? போஸ்ட்மேன் சொல்லிச் சிரிக்கிறான். பக்கத்து வீட்டுக்கு எதுக்கு கடிதாசி? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"கொஞ்சம் சண்டைதான்க்கா."

"பத்து வீட்டுலயுமா சண்டை?" என்று கேட்டு என் முகத்தையே பார்த்தார். அப்புறம் எருமையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே அவருக்குப் புரிந்திருக்கும். ஒரு கடிதத்தைச் சாணியில் எறிந்திருந்தால் போதும், எங்கள் திட்டம் கெட்டிருக்கும். ஒன்றுகூடத் தவறவில்லை.

உங்கள் அம்மாவுக்கும் தபால் வேண்டுமே? அவளுக்கு நான்தான் எழுதினேன். ஒரே அறையில் இருக்கிற பெண்டாட்டிக்கு என்ன எழுதுவது? மிஷின் பக்கத்தில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து யோசித்து யோசித்து எழுதினேன். என்ன எழுதினேன் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. அம்மா பிடுங்கிக்கொண்டு போனதன் காரணத்தை ஊகித்துக்கொள்ளுங்கள்.

முத்திரை குத்திய கடிதக் கட்டைப் பார்த்த முகாம் வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வீடு வீடாக வந்து எங்களைக் கண்ணால் பார்த்து விசாரித்துவிட்டே கையெழுத்துப் போட்டார். சாத்தூரில் என் பேரை நீக்க வேண்டும் என்று உங்கள் தாத்தாவுக்கு எழுதினேன். 'எழுதிக் குடுத்துட்டேன். உன் பேரை நானே அடிக்கச் சொல்ற மாதிரி இருந்துச்சு' என்று பதில் வந்தது. அந்த ஒரு தபால் மட்டும் உண்மையாகவே தூரத்திலிருந்து வந்தது.

தேர்தல் நாள் ஓசூர்க் குளிரோடு விடிந்தது. பள்ளிக்கூடத்து வகுப்பறைதான் வாக்குச்சாவடி. ஆண்கள் வரிசை ஒன்று, பெண்கள் வரிசை ஒன்று. லைனிலிருந்து முதல் ஆளாக நான் உள்ளே போனேன். தீபாவளிச் சட்டையை முன்கூட்டியே போட்டிருந்தேன். பேரையும் எண்ணையும் அதிகாரி வாசித்ததும், ஏஜெண்டுகள் பெஞ்சிலிருந்து முனிராஜு எழுந்தார்.

"சார், அப்ஜெக்சன். இந்தாளு இந்த ஊரே இல்ல. சாத்தூரு. வந்து வந்து போற பசங்க சார், லைன்ல ஆளே தங்குறதில்ல."

தலைமை அதிகாரி அடையாள அட்டை கேட்டார். வாக்காளர் அட்டை எனக்கு இன்னும் வந்திருக்கவில்லை. நான் பெருமையாகக் கம்பெனி அட்டையை எடுத்து நீட்டினேன். அட்டையில் என் போட்டோ, என் பேர், கீழே விலாசம்: சாத்தூர்! வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்தது. நானே போய் முனிராஜு கையில் கத்தியைக் கொடுத்தாயிற்று.

"பாத்தீங்களா சார்? அவனே சொல்றான்."

காது சூடாகிவிட்டது. எனக்குப் பின்னால் கல்லாவி அண்ணன், தேனி, முசிறி என்று லைனே நிற்கிறது. எல்லாரிடமும் இதே மாதிரி அட்டைதான். நான் திரும்பினால் எல்லாரும் திரும்ப வேண்டும். பெண்கள் வரிசையில் உங்கள் அம்மா ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

"உங்களைத் தெரியும்னு சொல்ல உள்ளூர்க்காரங்க யாராவது இருக்காங்களா?" என்றார் அதிகாரி.

யாரைச் சொல்வது? எனக்குத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர்தான். அவர் பெண்கள் வரிசையில் உங்கள் அம்மாவுக்கு முன்னால், சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்றார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்பதுபோல் ஆகிவிடும்.

"ஏ முனிராஜு, உக்காரு."

வகுப்பறையே திரும்பியது.

"அண்ணி, நீங்க சும்மா இருங்க. இது அரசாங்க விசயம்."

"தபாலும் அரசாங்க விசயந்தானே? போஸ்ட்மேன் இவன் பேரைச் சொல்லி என் கையில குடுத்துட்டுப் போறான். நான்தான் வாங்கி வெக்கிறேன், நான்தான் குடுக்கறேன். ஆளு இல்லாத வீட்டுக்கா நான் தபாலு வாங்குனேன்? ஆறு வருசமா இருக்கான் சார். பின்னாடி நிக்கறவங்களும் என் லைனுதான்." மூச்சு வாங்கிக்கொண்டு, கொழுந்தனைப் பார்த்துக் கன்னடத்தில் முடித்தார். "இவனு நம்ம மனெயவனு."

இவன் நம்ம வீட்டு ஆள் என்று அர்த்தம். இரண்டு வரி எழுதித் தராத ஓனரம்மா, ஊர் கேட்க ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

முனிராஜு டைரியைத் திறந்து எதையோ தேடினார். அதிகாரி, "மை வைங்கப்பா" என்றார். என் விரலில் இருந்த ஆயில் வழுக்கில் மை ஓடிவிட, அந்த அலுவலர் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நான்கு சீட்டு. வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியம், மாவட்டம். நான்கிலும் முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போடுவதற்குள் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பிரித்துப் பார்த்துவிட்டேன். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகாமல் கடைகிற கைக்கு அவ்வளவு சந்தேகம்! யாருக்குப் போட்டேன் என்பதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லவும் கூடாது, ஹரிணி, நினைவு வைத்துக்கொள்.

வெளியே வந்தால் கல்லாவி அண்ணன் மைவிரலைத் தூக்கிக்கொண்டு, "இனிமே என்னை வெளியூருன்னு எவன் சொல்லுவான்?" என்று ரோடு வரை கத்திக்கொண்டு போனார்.

ஜெயித்தது முனிராஜு பக்கத்து ஆள்தான். நாங்கள் சோர்ந்துபோனோம். ஆனால் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே முனிராஜு பைப் போடுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, டைரியும் கையுமாக லைன் முன்னால் நின்றார். இருபத்திரண்டு ஓட்டு இருக்கிற லைன் இப்போது. ஹரிணி, உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து முதல் தடவை குளிப்பாட்டியது அந்தக் குழாய்த் தண்ணீரில்தான்.

பால் வாங்கப் போனபோது ஓனரம்மாவிடம், "நீங்க சொல்லுவீங்கன்னு நெனைக்கலக்கா" என்றேன்.

"எழுதித் தான்னுதானே கேட்டே? சொல்லுன்னு என்னிக்காவது கேட்டியா?" என்றார்.

அந்த ஊராட்சி இப்போது இல்லை. மாநகராட்சிக்குள் போய்விட்டது. லைன் இருந்த இடத்தில் நாலு மாடி. எருமைக் கொட்டகை இருந்த மூலையில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். கல்லாவி அண்ணன் வேலை முடிந்து கல்லாவிக்கே போய்விட்டார். ஓனரம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. ஹரிணியின் போனில் என் நம்பரை அடித்ததும் பச்சையாக ஒரு டிக் வந்தது. ஆட்சேபம் சொல்ல ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் சிரித்ததற்குப் பதிலாக, நேற்றுப் போஸ்டாபீசுக்குப் போய் ஒரு உறை வாங்கினேன். இதை எழுதி உங்கள் இருவர் பேருக்கும், நம் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கே போடுகிறேன். மூன்று நாளில் வரும். வாங்கிச் சுவரில் செருகி வைக்க வாசலில் யாரும் இல்லை. நீங்களே இறங்கிப் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.