சொல்லை மாற்றாத ஃபிலோமினா மேடம்

காலை ஏழு மணிக்கு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஆங்கிலத் துறை ஃபிலோமினா மேடம் கடலூர் வீட்டில் மாரடைப்பால் இறந்துவிட்டார். கூடவே இரண்டு கும்பிடும் கைகள், ஒரு வெள்ளைப் பூ. அனுப்பியது யாரென்று பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எந்த மனிதரைப் பற்றி ஒரு சொல் எழுதியதற்காக மேடம் மூன்று வருடம் ஒதுக்கி வைக்கப்பட்டாரோ, அந்தத் துறைத்தலைவரே எல்லோருக்கும் முந்திக்கொண்டு இரங்கல் தெரிவித்திருந்தார்.

கல்லூரி மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அன்பானவர், அமைதியானவர் என்று எழுதினால் போதுமாம். மேடம் அமைதியானவரே இல்லை. அது முன்பு அவரோடு வேலை பார்த்துவிட்டு வெளியூர் போன உங்களுக்கும் தெரியும். அதனால் மலருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். சிதம்பரம் பக்கத்து நம் கல்லூரியில் அவர் ஆங்கிலம், நான் தமிழ். பதினாறு வருடம் ஒரே ஓய்வறையில் உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் பேப்பரில் ஒரு செய்தி. ஒரு முதியோர் இல்லத்தில் காப்பாளன் கிழவர்களைப் பட்டினி போட்டு, அவர்கள் கெஞ்சுவதை செல்போனில் படம் பிடித்து ரசித்திருக்கிறான். ஓய்வறையில் ஆளுக்கொரு வார்த்தையில் திட்டினோம். மேடம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, ஆளைத் திட்டுவது சரி, அளந்து திட்டுங்கள் என்றார். கெடுதல் என்று தெரிந்தே செய்கிறவன் விக்கிட். நியாயத்தை எடுத்துச் சொன்ன பிறகும் வீம்புக்கு எதிர்ப்பக்கம் போகிறவன் பெர்வர்ஸ். டிஜெனரேட், அதாவது கெட்டுச் சீரழிந்தவன், என்று இவனைச் சொல்லக்கூடாதாம். அப்படிச் சொன்னால் ஒரு காலத்தில் நல்லவனாக இருந்தான் என்று நாமே ஒப்புக்கொள்வதாகிவிடும். கடைசியில் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இவன் டிப்ரேவ்ட் சார். செஞ்சு செஞ்சு கூச்சமே விட்டுப்போனவன். எதிராளிக்கு வலிக்குதுன்னு தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா அழுத்துவான்."

அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இங்கிலீஷ் சரியாக வராத தமிழ் வாத்தியார் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

மூன்று வருடத்துக்கு முன்பு காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அந்தத் துறைத்தலைவர் மீது புகார் கொடுத்தாள். விசாரிக்க மூன்று பேர்: மேடம், நான், தலைவராக நிர்வாகத்தின் ஆள் ஒருவர். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் தான் சொல்வதற்கு இணங்க வேண்டும் என்று அந்த ஆள் எட்டு மாதம் அலைக்கழித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திவிட்டு மணிக்கணக்கில் நிற்க வைத்திருக்கிறார். அவள் அழுதால் டீ வரவழைத்துக் குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்திருக்கிறார். அந்த டீயைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. மேடம் அறிக்கையில் டிப்ரேவ்ட் என்று எழுதினார்.

விசாரணைக் குழுவின் தலைவர் அதை அடித்துவிட்டு இன்டிஸ்க்ரீட் என்று போடச் சொன்னார். ஏதோ யோசனையில்லாமல் நடந்துகொண்டார் என்கிற மாதிரி. பெரிய மனிதர், பெண் பிள்ளைகள் வைத்திருக்கிறார், ஒரு சொல்லுக்கா இவ்வளவு பிடிவாதம் என்று தன்மையாகத்தான் பேசினார்.

"அந்தச் சொல்ல வச்சுத்தான் சார் தண்டனையே. இத மாத்துனா அந்தாளு நாளைக்கும் அதே ரூம்ல உக்காந்து டீ குடிப்பாரு" என்றார் மேடம். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் எழுந்திருக்கவில்லை. மாற்றிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். இரண்டுக்கு ஒன்று என்று அது நிறைவேறியது. அந்த ஆளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். அந்தப் பெண் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். இலக்கியம் நடத்திக்கொண்டிருந்த மேடத்தை முதலாமாண்டு ஸ்போக்கன் இங்கிலீஷுக்குத் தள்ளினார்கள். நான் மட்டும் அதே நாற்காலியில் சௌகரியமாக இருந்தேன்.

மேடம் என்னிடம் பேச்சை நிறுத்தவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. போன மாதம் கடலூர் பஸ்ஸில் பக்கத்தில் இடம் கிடைத்தது. அந்தப் பெண் மேல்முறையீடு செய்திருப்பதாகவும், கடலூரில் விசாரணை வரும்போது தான் சாட்சி சொல்லப் போவதாகவும் சொன்னார். நான் மனசு கேட்காமல், என்னை எந்தச் சொல்லால் குறிப்பீர்கள் மேடம் என்று கேட்டுவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"கரப்ட்னு சொல்ல முடியாது. அதுக்கு நீங்க எதையாவது வாங்கியிருக்கணும். நீங்க ஒண்ணுமே வாங்காம செஞ்சீங்க. கம்ப்ளிசிட் சார். உடந்தை."

கோபமாகச் சொல்லவில்லை. விடைத்தாளுக்கு மதிப்பெண் போடுகிற குரலில் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது.

கடலூர் கல்லறைத் தோட்டத்தில் அந்தத் துறைத்தலைவர் பெரிய மலர் வளையத்தோடு வந்தார். மேடம் தனக்குக் கூடப்பிறந்த சகோதரி மாதிரி என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான்.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண் என்னிடம் வந்தாள். இளைத்திருந்தாள்.

"வியாழக்கிழமை விசாரணை சார். மேடம் வர்றேன்னு சொல்லியிருந்தாங்க." அந்த விசாரணை அறைக்குள் நடந்ததைச் சொல்ல மேடத்தை விட்டால் இனி நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்பது அவளுக்கும் தெரியும்.

"நான் வர்றேம்மா" என்றேன்.

"வந்து என்னா சொல்லுவீங்க?" என்று கேட்டாள். நம்பிக் கேட்ட மாதிரி தெரியவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். மேடம் இரண்டு பேருக்கு இரண்டு சொல் தந்துவிட்டுப் போயிருக்கிறார். வியாழக்கிழமை முதலில் எனக்குத் தந்ததைச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் அந்த ஆளுக்கு எழுதியதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.