இடித்த வீட்டைத் திரும்பக் கட்டிய அத்தை

உலகத்தில் வீடு கட்டியவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். செங்கல் இல்லாமல், கொத்தனார் இல்லாமல், ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மாடி வீடு எழுப்பியது எங்கள் அத்தை மட்டும்தான். சூரியனையே இரண்டு முறை இடம் மாற்றி வைத்தவள். முதல் தடவை அது வாசற்படிக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் இடம் குறிக்கும் எண் கூடக்கூடப் படம் கீழே இறங்கும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

அத்தை என் அப்பாவின் தங்கை. பிஸ்கட் கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை. நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் வீங்கிவிட்டது. மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் பாஸானால், உட்கார்ந்து பார்க்கிற ஸ்டாக் பிரிவுக்கு மாற்றுவார்கள். ஃபெயிலானால் மறுபடியும் நிற்க வேண்டியதுதான். கடைசித் தேர்வுக்கு, ஜாவாவில் வட்டம், சதுரம், கோடு வைத்து ஒரு படம் வரைந்து கொண்டுபோக வேண்டும். பிஸ்கட் பெட்டி எண்ணுவதற்கு இது எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்; பாடம் வகுத்தவருக்கே தெரிந்திருக்காது.

மற்றவர்கள் பொம்மை, கார் என்று தப்பித்துக்கொண்டார்கள். அத்தை எங்கள் பழைய வீட்டை எடுத்துக்கொண்டாள். சலவைக்கடைக்கு மேலே மாடியில் இருந்த வீடு. வட்ட ஜன்னல், நீலக் கதவு, வெளியே ஏறும் இரும்புப் படி. கீழிருந்து எந்நேரமும் இஸ்திரி ஆவி வாசனை ஏறி வரும். சாலையை அகலப்படுத்த இடித்துத் தள்ளினார்கள். ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை.

ரன் பொத்தானை அழுத்தியதும் அத்தை அலறினாள். "டேய் வாலு! வீடு இருக்கு, ஆளுங்களக் காணோம்! தாத்தா எங்க? உங்கப்பா எங்க?"

"வெயிலா இருக்குன்னு உள்ள போயிருப்பாங்க."

"உதைப்பேன். ஒழுங்கா பாரு."

பார்த்தேன். முதலில் தாத்தா, அப்புறம் அப்பா, அப்புறம் அவள் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் சுவருக்கு நிறம் பூசியிருந்தாள். பின்னால் வருவது முன்னால் போட்டதை மூடிவிடும். குடும்பம் மொத்தமும் சுவருக்குள் சமாதி.

"சுவர மொதல்ல எழுது அத்தை."

"பெரியவர நிக்க வெச்சுட்டு சுவர் கட்டுறதாடா? அது மரியாதையா?"

"சுவர் இல்லாம நடுத்தெருவுல நிக்க வெக்கறது மட்டும் மரியாதையா?"

முறைத்தாள். மாற்றினாள். மூன்று பேரும் வெளியே வந்தார்கள். தாத்தாவின் தலை முட்டை மாதிரி இருந்தது, நிஜத்திலும் அப்படித்தான். அத்தை திரையைத் தொட்டு, "உனக்கு இந்த வீடு ஞாபகம் இருக்காடா?" என்றாள்.

"அப்ப நான் கைக்குழந்தை. ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்றேன்.

அவள் டீ போடப் போன நேரத்தில் படத்தில் இருந்த அவள் முகத்துக்கு ஒரு மீசை வைத்தேன். கை சும்மா இருக்கவில்லை, இன்னும் கொஞ்சம் வரிகளும் சேர்த்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சேமித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மாலை வாசலிலேயே என் காதைப் பிடித்தாள்.

"சொந்தமா எழுதினதான்னு பாக்க சார் ஒவ்வொரு வரியையும் காட்டி இது என்னன்னு கேட்டாருடா! தெரியலன்னா ஃபெயில்!"

"ஐயோ. மீசை?"

"என் மீசைதான் சார்னு சொல்லிட்டேன். வகுப்பே சிரிச்சுது. அடுத்தாப்ல ரெண்டு வட்டம், நாலஞ்சு கோடு, ஒரு குட்டிச் சதுரம். நான் எழுதவே இல்ல. வேர்த்துடுச்சு. வரியில இருந்த நம்பரப் பாத்தேன், படிக்குக் கீழ வருது. எங்கண்ணன் சைக்கிள் சார்னு சொன்னேன்."

"பாஸா?"

"பாஸு. அடுத்த வாரத்துலேருந்து நாற்காலி."

காதை உருவிக்கொண்டு, "சும்மா தோணுச்சு, சைக்கிள் போட்டேன். எல்லார் வீட்லயும்தான் இருக்கும்," என்றேன்.

அத்தை விடவில்லை. "சைக்கிள் இருக்கட்டும். முன்கம்பியில சின்னதா ஒரு சதுரம் போட்டிருந்தியே, குழந்தை சீட்டு. அதுல யாருடா உக்காந்து போனது?"